ஓரத்தில் நின்ற மரம்

"காட்டின் மீது ஓங்கப்பட்ட ஒவ்வொரு கோடரியும் ஒருநாள் மனிதனைத் தேடி வரும்."

இந்த மகத்தான வாக்கியம் பச்சை மையில், தங்க விளிம்பு வைத்த அழைப்பிதழில், 2002-ஆம் வருடம் மே மாதக் கடைசியில் அச்சானது. அச்சடிக்கச் சொன்னவர் பெயர் சற்குணம். அவருக்குத் திருவனந்தபுரத்தில், நேமத்தில், மர அறுவை மில் இருந்தது.

கட்டுக்கதை என்று நினைத்துப் படிக்க வேண்டாம். இது நடந்தது. பட்டப்பகலில் நடந்தது. பார்த்தவர்கள் நாற்பது பேருக்குக் குறையாது. அவர்களில் ஒருவரால் மட்டும் எழுந்து நின்று சாட்சி சொல்ல முடியாது. உட்கார்ந்து சொல்வார்.

சற்குணம் மார்த்தாண்டத்துப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவர். வித்துராவுக்கு மேலே உள்ள கூப்புகளில் மரம் வெட்டித் தள்ளித்தான் முதலாளி ஆனார். கூப்பு என்றால் ஏலம் போட்டு வெட்டுக்கு விடும் காடு. அந்தக் காலம் முடிந்து, மில்லில் மலேசிய மரத்தடிகளை அறுக்க ஆரம்பித்த பிறகு, அவருக்குப் பணம் போதும் என்று தோன்றிவிட்டது. மரியாதை வேண்டியிருந்தது. பேரூர்க்கடையில் வீடு கட்டினார். விசிட்டிங் கார்டில், அரண்மனை இருக்கிற 'கவடியார் அருகில்' என்று போட்டார். அருகில்தான், ஆட்டோ பிடித்தால்.

அந்த மரியாதையை வீட்டுக்கே கொண்டுவந்து தருவதாகச் சொன்னவர் பகவதிப்பெருமாள். வனத்துறையில் பெரிய பதவியில் இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வுக்குப் பிறகு 'பசுமைத் தோழமை' என்று ஒரு சங்கம் தொடங்கி, ஆண்டுதோறும் ஒருவருக்குக் 'கானகக் காவலர்' பட்டம் கொடுத்துவந்தார். முன்பு சற்குணத்தின் கூப்புகளுக்கு அனுமதிக் கையெழுத்துப் போட்ட அதே கைதான் இப்போது சான்றிதழிலும் கையெழுத்துப் போட்டது. இருவருக்கும் அது பழகிப்போன காரியம்.

பட்டம் கொடுப்பதென்றால் வீட்டில் அதற்குத் தக்க ஏதாவது வேண்டாமா? இருந்தது. ஓர் ஓவியம்.

மலைமேல் மூடிப்போன ஒரு தேயிலைத் தோட்டத்தில் துரை பங்களாவின் சாமான்களை ஏலம் விட்டார்கள். சற்குணம் போயிருந்தார். அங்கே ஒரு விசேஷம் பார்த்தார். நாற்காலி, மேசை, கட்டில் எல்லாவற்றுக்கும் கால் குட்டை. குழந்தைகள் உட்காரும் உயரம். துரைமார் ஃபேஷன் என்று நினைத்துச் சிரித்துவிட்டு, சுவரில் இருந்த பெரிய படத்தை ஏலத்தில் எடுத்தார். படத்துக்காக அல்ல, சட்டத்துக்காக. முழுக்க ஈட்டி மரம். எட்டடி நீளத்தில் ஒரு முடிச்சு இல்லை. சட்டத்தைக் கழற்றி மாடிப்படிக்குக் கைப்பிடி போட்டார். சுருட்டி மூலையில் போட்ட துணியை மகள் அனுஷா விரித்துப் பார்த்த பிறகுதான், தான் ஒரு கலை ரசிகர் என்பதே அவருக்குத் தெரிந்தது.

எண்ணெய்ச் சாயம் தீட்டிய துணி. ஒரு மலைச்சரிவு. அதில் மரமே இல்லை. நூற்றுக்கணக்கான அடிக்கட்டைகள், சிவந்த வாயைத் திறந்துகொண்டு. நடுவில் பாதி கட்டிய தேயிலைத் தொழிற்சாலை, தகரக் கூரை, புகைக்குழாய். அதிலிருந்து எழுந்த கரும்புகை வானத்தில் பாதியைத் தின்றிருந்தது. ஒரு பெரிய பாய்லரை யானைகளும் கூலிகளும் வடம் கட்டி மேலே இழுத்துக்கொண்டிருந்தார்கள். வெள்ளைக் குதிரையின் மேல் ஒரு துரை. குதிரைக்குப் பக்கத்தில் கோடரியோடு ஒரு வரிசை ஆட்கள். இடது ஓரத்தில், எல்லாம் வெட்டுப்பட்ட பிறகும், ஒரே ஒரு மரம் நின்றது. கறுத்து, அடர்ந்து, சட்டத்துக்கு மேலும் வளரப்போவது மாதிரி. அதன் அடியில் ஒரு கல்.

"காடழிப்பைப் பத்தின படம் அப்பா" என்றாள் அனுஷா. பெண்கள் கல்லூரியில் இலக்கியம் படிக்கிறவள். "நம்ம மில்லோட கதைதான். கொஞ்சம் பழைய எபிசோட்."

சற்குணத்துக்குக் கிண்டல் காதில் விழவில்லை. 'காடழிப்பு' மட்டும்தான் விழுந்தது. விழா போர்ட்டிகோவில், ஹாலின் இரட்டைக் கதவைத் திறந்து வைத்தால் எதிர்ச்சுவரில் அந்தப் படம், வருகிறவர்கள் எல்லாரும் பார்த்து உருகலாம். அன்று சாயங்காலமே சட்டம் போடுகிற லிஜோவை வீட்டுக்கு வரவழைத்தார்.

சிக்கல் ஒன்றுதான். சுவரில் ஒரு பக்கம் ஏசி. மறுபக்கம் சுவிட்ச் போர்டு. நடுவில் இடம் ஆறரை அடி. படம் எட்டடி.

லிஜோ ஏசியை நகர்த்தலாம் என்றான். வேறு சுவரில் மாட்டலாம் என்றான். சற்குணம் படத்தைச் சற்றுத் தள்ளி நின்று, ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். இடது ஓரம் கறுப்பாக, பாரமாக இருக்கிறது, கம்போசிஷன் கெடுகிறது என்றார். அந்த வார்த்தையை முந்தின நாள்தான் பகவதிப்பெருமாளிடமிருந்து கேட்டிருந்தார்.

"முதலாளி, படம் அறுக்கக் கூடாது. பாவமாக்கும்."

"லேய், நான் இதுவரைக்கும் அறுக்காத ஒரு சாமானைச் சொல்லு பாப்போம்."

லிஜோ அறுத்தான். மேலிருந்து கீழாக, ஒன்றரை அடி. கத்தி மலையின் மேல் வழுக்கிக்கொண்டு போனது. மரம் வந்த இடத்தில் நின்றுவிட்டது. அங்கே சாயம் கெட்டியாக, விரல் கனத்துக்கு இருந்தது. இரண்டு கையாலும் அழுத்தி அறுக்க வேண்டியிருந்தது. அறுந்த இடத்திலிருந்து ஒரு வாசனை வந்தது. பழைய துணியின் வாசனை அல்ல. பச்சை மரத்தை அறுக்கும்போது வரும் பால் வாசனை.

மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது. ஆனால் ஹாலில் காற்று நின்றது.

மிச்சப் படத்துக்குச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டிவிட்டு, லிஜோ அறுத்த துண்டைச் சுருட்டிக்கொண்டு போய்விட்டான்.

மறுநாள் ஞாயிறு. சபையிலிருந்து திரும்பி, சாப்பிட்டு, சற்குணம் கண்ணயர்ந்திருந்தார். உச்சி வேளை.

தக்... தக்... தக்...

தூரத்தில் யாரோ விறகு வெட்டுகிறார்கள் என்று புரண்டு படுத்தார். முப்பது வருடம் கோடரிச் சத்தத்தோடு வாழ்ந்த காது. தூக்கத்திலேயே அது ஒன்றைக் கவனித்தது. இது விறகு வெட்டும் சத்தம் அல்ல. நிற்கிற மரத்தை வெட்டும் சத்தம்.

எழுந்து வந்து பார்த்தால், சாப்பாட்டு மேசை சரிந்து கிடந்தது. ஆறு நாற்காலிகளும் சரிந்து கிடந்தன. எல்லாவற்றின் காலும் ஒரே உயரத்தில், முழங்காலுக்குக் கீழே, வெட்டுப்பட்டிருந்தன. அறுத்தது அல்ல, வெட்டியது. தரையெல்லாம் சிராய். இருபத்தெட்டு சின்னக் கட்டைகள் மட்டும் தரையில் விழாமல் நின்றுகொண்டிருந்தன.

மனைவி லீலாபாய் அடுக்களையில் இருந்தாள். அவளுக்கு ஒரு சத்தமும் கேட்கவில்லை.

சற்குணம் கறையான் என்றார். மரவியாபாரி வீட்டில் கறையான் என்று யாரிடமும் சொல்லக்கூடாது என்றும் சொன்னார்.

திங்கட்கிழமை மத்தியானமும் அந்தச் சத்தம் வந்தது. இந்தத் தடவை ஹாலின் உள்ளிருந்து. ஓடி வந்தார். யாரும் இல்லை. படத்துக்கு நேர் கீழே, பளிங்குத் தரையில், ஒரு கைப்பிடி மரத்தூள். ஈரமாக இருந்தது. தொட்டுப் பார்த்தார். விரல் சிவந்தது.

நிமிர்ந்து படத்தைப் பார்த்தார்.

வெள்ளைக் குதிரை படுத்துக் கிடந்தது. அதன் நான்கு கால்களும் படுக்கவில்லை. அவை நின்ற இடத்திலேயே நின்றன. துரை கீழே, புல்லில், முகம் குப்புற. பக்கத்தில் வரிசையாக நின்ற கோடரிக் கூலிகள் ஒருவரும் இல்லை. அவர்களுடைய கால்கள் இருந்தன. முழங்கால் வரைக்கும். ஜோடி ஜோடியாக. மலைச்சரிவெங்கும் இருந்த அடிக்கட்டைகளுக்கு நடுவே அவையும் அடிக்கட்டைகள் மாதிரி, சிவந்த வாயைத் திறந்துகொண்டு...

சற்குணம் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். படம் மாறவில்லை. அவர் முதலில் செய்த காரியம், படத்தின் மேல் ஒரு திரைச்சீலையைப் போட்டது. இரண்டாவது, விழாவன்று தொப்பையை மறைக்கும் ஜிப்பாவைத் தைக்கிற தையல்காரனுக்குப் போன் செய்து நினைவூட்டியது.

செவ்வாய்க்கிழமை காலை வீட்டில் மூன்று பேரும் கால் எரிச்சலோடு எழுந்தார்கள். மூன்று பேருக்கும் இடது காலில், முழங்காலுக்குக் கீழே, முன்பக்கம், உள்ளங்கை அகலத்துக்குத் தோல் இல்லை. செதுக்கி எடுத்தது போலிருந்தது. பச்சை இறைச்சி மினுங்கியது. அதன் நடுவே வட்டமாக ஒரு கன்றிய அடையாளம். சுத்தியால் அடித்த முத்திரை.

சற்குணத்துக்கு அது தெரிந்த வேலை. கூப்பில் வெட்டுக்கு விட்ட மரங்களுக்கு இப்படித்தான் செய்வார்கள். கைப்பிடி அகலம் பட்டை செதுக்கி, முத்திரை அடித்துவிட்டுப் போவார்கள். பிறகு கோடரிக்காரன் வருவான். முத்திரை இருக்கிற ஒரு மரத்தையும் விடமாட்டான்.

லீலாபாய் காலில் துணியைச் சுற்றிக்கொண்டு நொண்டியபடி ஹாலுக்கு வந்தாள். திரையை இழுத்தாள். வெகுநேரம் பார்த்தாள். அவள் அப்பா மலையில் கூப்புக் கண்டிராக்டராக இருந்தவர். அவரிடம் கையாளாக இருந்துதான் சற்குணம் மருமகன் ஆனார்.

"இஞ்ச பாருங்க. ஓரத்துல ஒரு மரம் நின்னுதே. அது எங்க?"

சற்குணம் கம்போசிஷனைப் பற்றி இரண்டு வாக்கியம் சொன்னார். மூன்றாவது வாக்கியம் வரவில்லை. லீலாபாய் அவரைப் பார்த்த பார்வை அப்படி.

"அது நாங்கு மரம். அடியில கல்லும் வச்சிருந்தது. அடைக்கல மரம்னு உங்களுக்குத் தெரியாதாக்கும்? எங்கப்பா கூட எத்தனை கூப்புல நீங்களே கை கூப்பி நின்னிருக்கியோ!"

தெரியும். தெரியாமல் என்ன. ஒரு காட்டை வெட்டப்போகும் முன்னால் மலை ஆட்கள் செய்யும் முறை அது. ஓரத்தில் ஒரு மரத்தைத் தேர்ந்து, அடியில் கல் நாட்டுவார்கள். பிறகு வெட்டப்போகிற ஒவ்வொரு மரத்தையும் தட்டி, 'இதில் இருக்கிறவங்க எல்லாரும் அங்க போயிருங்க' என்று சொல்வார்கள். மரத்துக்கு மரம் குடியிருந்ததெல்லாம் அந்த ஒரு மரத்தில் வந்து சேரும். அந்த மரத்தை யாரும் தொடமாட்டார்கள். இருபது வயதில் பார்த்த மாத்திரத்தில் சொல்லியிருப்பார். படத்தை அவர் மரக்காரனின் கண்ணால் பார்த்திருந்தால் இப்போதும் சொல்லியிருப்பார். ஒரு கண்ணை மூடிக்கொண்டு ரசிகராகப் பார்த்ததில் வந்த வினை.

ஒரு மலை முழுக்க இருந்த கூட்டம். அதற்கு இருந்தது ஒரே மரம். அதை ஒன்றரை அடியில் அறுத்து எறிந்தாயிற்று. அவை எங்கே போகும்? நிற்கிற எதையாவது தேடும். உள்ளே இடம் இருக்கிறதா என்று ஒவ்வொன்றாக வெட்டிப் பார்க்கும்.

லிஜோவுக்குப் போன் செய்தார். முதலாளி ஒரு சிராயைக்கூட வீணாக்க விடமாட்டாரே என்று, துண்டை மில்லுக்குப் போகிற சாமான் ஆட்டோவில் போட்டு அனுப்பியதாக லிஜோ சொன்னான். அது உண்மைதான். மில்லில் அப்படி ஒரு சட்டம் இருந்தது. மில் மேஸ்திரி செல்வினைக் கூப்பிட்டார். தான் இரண்டு நாள் லீவில் இருந்ததாகவும், ஆட்களிடம் கேட்டுப் பார்ப்பதாகவும் செல்வின் சொன்னான்.

அன்று மத்தியானம் மூவரும் காலைத் தூக்கிக் கட்டில் மேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

தக்... தக்...

சத்தம் போர்ட்டிகோவில். அங்கே இருந்தது சற்குணத்தின் பெருமைக்குரிய தூண். பர்மாத் தேக்கு, ஒரே தடி, ஒரு ஆள் கட்டிப்பிடிக்க முடியாத பருமன். சத்தம் நின்ற பிறகு போய்ப் பார்த்தார். தூணின் அடியில், முழங்கால் உயரத்தில், ஒரு முக்கோண வெட்டு. நேர்த்தியான வெட்டு. மரம் எந்தப் பக்கம் விழவேண்டுமோ, அந்தப் பக்கம் முதலில் இப்படி ஒரு வாய் வெட்டுவார்கள். பிறகு பின்னாலிருந்து ஒரு வெட்டு. அவ்வளவுதான். மரம் வாய் இருக்கும் பக்கம் சாயும்.

வாய், நாளைய விழாவுக்கு மேடை போட்டிருந்த பக்கம் திறந்திருந்தது.

உள்ளே அனுஷா அலறினாள்.

அவள் கட்டிலை விட்டு இறங்கவே இல்லை. லீலாபாய் அவள் கையைப் பிடித்துக்கொண்டே இருந்தாள். ஆனாலும் தண்ணீர் எடுக்கக் குனிந்த ஒரு நொடி, அனுஷாவின் கால் தரையில் பட்டிருக்கிறது. முத்திரைக்குக் கீழே, எலும்பு தெரிய, ஒரு முக்கோண வெட்டு. ரத்தம் விரிப்பில் பரவிக்கொண்டிருந்தது.

வாய் வெட்டியாயிற்று. இனிப் பின்வெட்டு.

பக்கத்து நர்சிங் ஹோமில் தையல் போட்டார்கள். காலில் கண்ணாடி விழுந்துவிட்டது என்று அங்கே சொல்லிவைத்தார்கள். திரும்பி வந்ததும் லீலாபாய் சொன்னது ஒன்றுதான்: நாளைக்கு விழா வேண்டாம். ஆளை விட்டு அந்தத் துண்டைத் தேடுங்கள்.

சற்குணம் கையைப் பிசைந்தார். அழைப்பிதழ் போய்விட்டது. கலெக்டர் ஆபீசிலிருந்து ஒருவர் வருகிறார். பத்திரிகைக்காரர்கள் வருகிறார்கள். கோடரி வருவது உச்சியில். விழா காலை பதினொன்றுக்கு. முக்கால் மணி நேரத்தில் முடிந்துவிடும். பன்னிரண்டு மணிக்கு முன்னால் எல்லாரையும் அனுப்பிவிட்டு, தானே மில்லுக்குப் போய்த் துண்டைத் தேடுவதாகப் பைபிள் மேல் கை வைத்துச் சொன்னார்.

மனிதர் கணக்கில் தப்பில்லை. பகவதிப்பெருமாள் பேசப்போகிறார் என்பதைத்தான் மறந்துவிட்டார்.

புதன்கிழமை. ஜூன் ஐந்து. மழை வரப்போகிற புழுக்கம். தூணின் வெட்டை மறைத்துப் பச்சை ரிப்பன் சுற்றியிருந்தார்கள். ஓவியத்தின் திரையைப் பகவதிப்பெருமாள் வந்ததும் வராததுமாகத் தானே விலக்கினார். துரையும் கூலிகளும் கிடந்த கிடப்பைப் பார்த்து, "என்ன ஒரு குறியீடு" என்று சொல்லித் தலையாட்டினார். அனுஷாவை மேடையின் ஓரத்தில், காலை ஸ்டூலில் தூக்கி வைத்து, நாற்காலியில் உட்கார வைத்திருந்தார்கள். அவள் கையில் விருந்தினருக்குக் கொடுக்க ஒரு மரக்கன்று. லீலாபாய் அவளை விட்டு நகரவில்லை.

பகவதிப்பெருமாள் பதினொன்றே காலுக்கு மைக்கைப் பிடித்தார். வேதகாலத்திலிருந்து தொடங்கினார். அசோகர் மரம் நட்டதற்கு வந்தபோது மணி பதினொன்று ஐம்பது. சற்குணம் கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டினார். பகவதிப்பெருமாள் அதை உற்சாகம் என்று எடுத்துக்கொண்டு, தான் காட்டில் ஒரு யானையை நேருக்கு நேர் பார்த்த கதைக்குப் போனார். யானை பின்வாங்க வெகுநேரம் ஆனது.

பன்னிரண்டு பத்து.

"இறுதியாக" என்றார். இரண்டு தடவை சொன்னார். பிறகு குரலைத் தாழ்த்தி, வெட்டப்பட்ட அத்தனை மரங்களின் நினைவாக எல்லாரும் எழுந்து இரண்டு நிமிடம் மௌனமாக நிற்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டார். மரங்களைப் போல நிற்க வேண்டும் என்றார். அசையாமல்.

நாற்பது பேரும் எழுந்து நின்றார்கள்.

அனுஷாவும், பழக்க தோஷம், காலைக் கீழே ஊன்றினாள்.

தக்...

சற்குணத்துக்கு மட்டும் கேட்டது. இல்லை, லீலாபாய்க்கும் கேட்டது. அவள் மகளை இடுப்போடு பிடித்து இழுத்துத் தரையில் விழுந்தாள். மரக்கன்றுத் தொட்டி உடைந்தது.

"உக்காருங்க... எல்லாரும் உக்காருங்க..."

சற்குணத்தின் குரல் அது. கானகக் காவலர் மேடையில் மண்டிபோட்டு, பிறகு குப்புறப் படுத்து, கைகளால் தரையைத் தட்டிக்கொண்டு கெஞ்சினார். முன்வரிசையில் சிலர் சிரித்தார்கள். சிலர் பயந்து உட்கார்ந்தார்கள். ஒருவர் உட்கார்ந்ததும் மற்றவர்களும் உட்கார்ந்தார்கள்.

பகவதிப்பெருமாள் உட்காரவில்லை. கண்ணை மூடிக்கொண்டு நின்றார். அவருக்கு இன்னும் ஒன்றரை நிமிடம் பாக்கி இருந்தது.

தக்... தக்...

பச்சை ரிப்பன் அவிழ்ந்து விழுந்தது.

தக்.

தூண் ஒரு முறை முனகியது. மரம் விழும்முன் முனகுமே, அதே முனகல். பிறகு மெதுவாக, மேடைப் பக்கம்...

கூரைத் துண்டு பெயர்ந்து விழுந்தது. தூசி. அலறல்.

தூசி அடங்கியது.

தூண் அவர்மேல் விழவில்லை. அவருக்கு ஒரு முழம் தள்ளி விழுந்திருந்தது. பகவதிப்பெருமாள் அதன் பக்கத்தில் மல்லாந்து கிடந்தார். வாய் இன்னும் மௌனமாகத்தான் இருந்தது.

மைக்குக்கு முன்னால், பாலிஷ் போட்ட கறுப்பு ஷூவோடு, இரண்டு கால்கள் நின்றுகொண்டிருந்தன.

அவர் அவற்றின் மேல் இல்லை.

ரத்தம் பிறகுதான் வந்தது. ஒரே பீச்சாக. வெள்ளை மேசைவிரிப்பு, சான்றிதழ், சற்குணத்தின் புது ஜிப்பா... ஹாலுக்குள் தெறித்த துளிகள் ஓவியத்தில் பட்டன. பட்ட இடத்தில் நிற்காமல் துணி அவற்றைக் குடித்துக்கொண்டது.

ஆம்புலன்ஸ் வந்தது. சற்குணம் அதில் ஏறவில்லை. ஜிப்பாவைக்கூட மாற்றாமல் நேமத்துக்குக் காரை விட்டார். வழியெல்லாம் ஒரே எண்ணம்தான். இன்றைக்கு அனுஷா தப்பிவிட்டாள். நாளை உச்சி இருக்கிறது. நாளை மறுநாள் உச்சி இருக்கிறது. ஒரு பெண் எத்தனை நாள் நிற்காமல் இருப்பாள்?

மழை கொட்டிக்கொண்டிருந்தது. விடுமுறை விட்டிருந்ததால் மில்லில் ஆள் இல்லை. செல்வின் மட்டும் குடையோடு நின்றான். துண்டு கிடைத்துவிட்டது என்றான். ஆனால் முதலாளியின் முகத்தைப் பார்க்காமல் சொன்னான்.

பின்கட்டுக்கு அழைத்துப் போனான்.

மில்லின் கக்கூஸ் கதவில் கீழ்ப்பலகை உளுத்துப்போய் நெடுநாளாயிற்று. மாற்றித் தரச் சொல்லி ஆட்கள் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். மர மில்லில் ஒரு பலகைக்குச் சற்குணம் இதுவரை மனம் இரங்கவில்லை. எண்ணெய்ச் சாயத் துணியில் மழை ஒட்டாது என்று யாரோ கண்டுபிடித்திருக்கிறார்கள். கதவின் முழு உயரத்துக்கும், சரியாக ஒன்றரை அடி அகலத்தில், நான்கு ஆணியில், அடைக்கல மரம் நின்றது.

அது வளர்ந்திருந்தது. சற்குணத்துக்கு அதில் சந்தேகமே இல்லை. ஹாலில் பார்த்தபோது இத்தனை கிளை இல்லை. மழைக்காற்று அடிக்காத அந்த மூலையில் இலைகள் அசைந்துகொண்டிருந்தன.

"பிடுங்குடே செல்வினே. படத்தோட சேத்து வச்சுத் தச்சிரணும்."

செல்வின் சுத்தியின் பின்பக்கத்தால் முதல் ஆணியை நெம்பினான்.

ஆணி கீச்சிட்டது.

மில்லுக்குள், மெயின் சுவிட்ச் அணைந்திருந்த பெரிய ரம்பம் ஓட ஆரம்பித்தது.

முதலில் மெதுவாக. பிறகு முழு வேகத்தில். தடியே இல்லாத மேடையில், எதையோ அறுக்கும் சத்தம். மரத்தை அறுக்கும் சத்தம் அல்ல. எலும்பு...

ஆபீஸ் அறையில் போன் அடித்தது. சற்குணம் ஓடிப்போய் எடுத்தார்.

"என்னவாக்கும் செய்யிதியோ அங்க?" லீலாபாயின் குரல். பின்னால் அனுஷாவின் அலறல். "கட்டில்லதான் படுத்திருக்கா. கெண்டைக்காலுல வெட்டு விழுது. தானா விழுது. எதுவா இருந்தாலும் நிறுத்துங்க."

சற்குணம் போனைப் போட்டுவிட்டு மழையில் ஓடினார். செல்வின் கையிலிருந்து சுத்தியைப் பிடுங்கினார். பிதுங்கி நின்ற ஆணியைத் தானே அடித்து இறக்கினார். நகம் நசுங்கியது. அடித்தார். இறங்கிய பிறகும் அடித்தார்.

ரம்பம் நின்றது.

மழைச் சத்தம் மட்டும்.

அவர் ஷூவைக் கழற்றினார். ரத்தம் தோய்ந்த ஜிப்பாவோடு, சேற்றில், கக்கூஸ் கதவுக்கு முன்னால் மண்டியிட்டார். இருபது வயதில் மலையில் கேட்ட வார்த்தைகளை ஞாபகத்திலிருந்து தேடி எடுத்தார்.

"எல்லாரும் இங்கயே இருந்துக்கிடுங்க. இது உங்க இடம். இனி யாரும் தொடமாட்டம்."

இலைகள் அசைவது நின்றது. ஒவ்வொரு கிளையாக. கீழிருந்து மேலே.

வீட்டுக்குப் போன் செய்தார். ரத்தம் நின்றுவிட்டது என்றாள் லீலாபாய்.

அனுஷா இப்போது நன்றாக நடக்கிறாள். காலில் முன்னும் பின்னும் இரண்டு தழும்பு. நடுவில் ஒரு விரல்கடை எலும்பு மிச்சம் இருந்ததாகப் பிறகு டாக்டர் சொன்னார். பகவதிப்பெருமாள் விஷயத்தில் டாக்டர்களுக்கு ஒன்று புரியவில்லை. தூண் விழுந்தால் நசுங்க வேண்டும். இது நசுங்கவில்லை. கோடரியால், பழகிய கை, ஒரே வீச்சில் செய்த வேலை என்று எழுதிவிட்டு, பிறகு அதை அடித்துவிட்டார்கள். பத்திரிகையில், தரமற்ற மரத்தில் செய்த தூண் சரிந்து விபத்து என்று வந்தது. மரவியாபாரியின் பெயரையும் போட்டிருந்தார்கள்.

சில மாதம் கழித்து லீலாபாய் அந்தத் தோட்டத்துக்குப் போய் வந்தாள். பங்களாவுக்குப் பின்னால் துரையின் கல்லறை இருக்கிறது. ஒரு பெயர். இரண்டு குழி. ஒன்று நாலடி நீளம். மற்றது ஒன்றரை அடி. பங்களாவின் தரை, கதவு, உத்தரம் எல்லாம் ஒரே மரத்தில் செய்தவை. நாங்கு. மலையில் நின்ற அந்த ஒற்றை அடைக்கல மரத்தை வெட்டி வீடு கட்டிய வருடத்திலேயே துரை செத்துப்போனார். துரைசாணி அதன் பிறகுதான் அந்தப் பழைய படத்தை இறக்கி, ஓரத்தில், பிரஷ்ஷைத் தொடாமல் தன் விரல்களாலேயே ஒரு மரத்தை வரைந்தாளாம். முடிக்கும் வரைக்கும் எழுந்து நிற்கவில்லையாம். குட்டை நாற்காலிகளைச் செய்யச் சொன்னதும் அவள்தான். அவற்றை மாற்ற அதன் பிறகு வந்த யாருக்கும் தைரியம் வரவில்லை.

நேமத்து மில்லை விலைக்குக் கேட்டு அடுக்குமாடி கட்டுகிறவர்கள் பலமுறை வந்தார்கள். சற்குணம் கொடுக்கவில்லை. பின்கட்டை இடிக்க வேண்டும் என்பார்களே.

அந்தக் கதவை அதன் பிறகு யாரும் திறக்கவில்லை. சற்குணத்துக்கு இப்போது சர்க்கரை வியாதி. மில்லில் இருக்கும்போது ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை, ரோட்டைக் கடந்து, எதிர்ப்பக்கம் டீக்கடையின் பின்னால் போய் வருகிறார்.